கரை இறங்கிய முதல் நாள்

பவுரிங்பேட்டை என்று நம் பாட்டன்மார் வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து புறப்படும் கிளை வண்டி, கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் வந்து நிற்கும். பத்து மைல் நீளமுள்ள அப்பாதை 1894-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் அவ்வழியே வந்து இறங்கினர். இரயில்வேக் கணக்கேடுகளில் விற்ற சீட்டு எத்தனை, வசூலான தொகை எவ்வளவு என்பனவெல்லாம் காலணா பிசகாமல் இருக்கும். இறங்கியவன் அன்றிரவு எங்கே தலைசாய்த்தான் என்பதற்கு அவ்வேடுகளில் பத்தி இல்லை. எழுத்தர் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இக்குறை என் கண்ணில் அடிக்கடி பட்டதுண்டு.

என் பாட்டனார் அவ்வழியே தங்கவயலுக்கு வந்தவர். அவருடைய தம்பியோ எதிர்த்திசையில் சென்னைக்குப் போய்க் கப்பலேறிச் சிங்கப்பூர் சேர்ந்தார். அண்ணனின் முதல் நாளைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகப் பேச்சில்லை. உறவினர் நிலையத்துக்கு வந்து அழைத்துச் சென்றனர், மறுநாள் மேஸ்திரியிடம் சேர்த்தனர், அவ்வளவே. தம்பியின் முதல் நாள் மட்டும் பல முறை சொல்லப்பெற்ற கதை. அவர் துணையின்றிப் போனவர் என்பதே அதற்குக் காரணம். அக்கதையைப் பின்னர்ச் சொல்வேன். அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், தமிழன் ஒருவன் தனியனாய்ச் சிங்கப்பூர்க் கரையில் கால் வைத்த அந்த ஒரு நாள், காலந்தோறும் எவ்வாறு மாறி வந்தது என்பதை முதலில் காண வேண்டும்.

1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் சர் ஸ்டாம்போர்டு இராபிள்ஸ், சோகூர்ச் சுல்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டு அத்தீவில் ஆங்கிலேயக் கொடியை நாட்டினார். அன்று அங்கே வாழ்ந்த மக்கள் ஓராயிரம் பேர் இருப்பர். அவ்வாண்டு மே மாத இறுதியில் இராபிள்ஸ் இரண்டாம் முறையாக ‘இந்தியானா’ என்னும் கப்பலில் வந்தார். பினாங்கிலிருந்து அக்கப்பலில் உடன் வந்தவர் நாராயண பிள்ளை. சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு இவர் பெயரோடுதான் தொடங்குகின்றது.

அவர் இறங்கிய நாளில் அக்கரை எவ்வாறு இருந்தது என்பதற்கு நமக்கொரு நல்ல சான்று உண்டு. மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்பெறும் முன்ஷி அப்துல்லா மலாக்காவிலிருந்து அங்கு வந்து வாழ்ந்தவர். அரபு மரபும் தமிழ் மரபும் கலந்த குடும்பத்தினர். இளமையில் தமிழும் கற்றவர். அவர் எழுதிய தன்வரலாறு 1849-இல் வெளிவந்தது. கடற்கொள்ளையருக்கு இரையானவர்களின் மண்டையோடுகள் கரையோரத்தில் நூற்றுக்கணக்கில் உருண்டு கிடந்தனவாம். அவற்றைச் சாக்குகளில் வாரிக் கடலில் எறியும்படி அதிகாரி பார்குவார் கட்டளையிட்டாராம். எலிகளோ பூனையை எதிர்க்கும் அளவுக்குப் பெருத்திருந்தன. எலி ஒன்றுக்கு இவ்வளவு எனக் காசு கொடுப்பதாகப் பார்குவார் அறிவிக்க, மக்கள் எலிகளைக் கொன்று குவித்தனர். பட்டணம் எழும் முன் அங்கிருந்த நிலை இது. இன்று வானளாவிய மாளிகைகளின் படங்களைப் பார்த்துவிட்டு அவ்வூரை வியப்பவர்கள் இந்த மண்டையோடுகளையும் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம்.

நாராயண பிள்ளை முதலில் பார்த்த வேலை, எழுதுவோர்க்குப் பெருமை தரக்கூடியது. கருவூலத்தில் தலைமை எழுத்தராய் அமர்ந்து, வரும் நாணயம் நல்லதா கள்ளமா எனச் சோதித்துக் கூறும் பொறுப்பை ஏற்றார். (மலாய் நாட்டில் எழுத்தரைக் ‘கிராணி’ என்பர். நம்மவர் அங்கே சென்று அச்சொல்லையே தமிழாக்கிக்கொண்டனர்.) ஆனால் அவர் அந்நாற்காலியோடு நின்றுவிடவில்லை. வந்து குவியும் மக்களுக்கு வீடில்லை என்பதைக் கண்டார். தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை வைத்தார்; கொத்தர், தச்சர், துணி வணிகர் ஆகியோரை அனுப்புமாறு பினாங்கிலிருந்த தம் ஆளுக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தை நான் பெரிதாகக் கருதுகின்றேன். நாராயண பிள்ளை இறங்கியபோது, ‘வா’ என்று சொல்ல அக்கரையில் அவருக்கு முந்தி வந்து தொழிலில் நிலைத்த தமிழர் எவரும் இருந்ததாக வரலாறு கூறவில்லை. அவர் கடிதத்தைக் கண்டு வந்த கொத்தனுக்கும் தச்சனுக்கும் கேட்டுச் செல்ல ஒரு பெயர் இருந்தது. பிறகு அவர் பருத்தித் துணிக்கடை வைத்ததும், 1822-ஆம் ஆண்டுத் தீயில் அது எரிந்து கடனாளியானதும், இராபிள்ஸின் துணையால் மீண்டும் எழுந்ததும் பலரும் எழுதியுள்ள செய்திகள். ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டு, இருநூறாம் ஆண்டு நினைவின்போது, ஆற்றங்கரையில் இராபிள்ஸ் சிலையின் அருகே நாராயண பிள்ளைக்கும் முன்ஷி அப்துல்லாவுக்கும் சிலைகள் வைத்துச் சிறிது காலம் சிறப்புச் செய்தனர்.

அவர் செய்தவற்றுள் நிலைத்து நிற்பது, சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயில். மாரிக்குப்பத்தார்க்கு மாரியம்மனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நோய் மலிந்த புதுப்பட்டணத்தில் நம்மவர் முதலில் நாடியதும் அவ்வன்னையையே. கோயிலுக்கெனத் தெலுக் ஆயர்த் தெருவில் முதலில் இடம் கொடுத்தனர். அங்கே நல்ல தண்ணீர் இல்லையென்று அதனை விட்டனர். வேறோர் இடமும் ஒத்துவரவில்லை. 1823-இல் இப்போதுள்ள இடம் கிடைத்தது. 1827-இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஒரு சிறு கோயில் எழுந்தது. தண்ணீருக்காக இடம் மாறியது பூசையின் பொருட்டே எனினும், அதனால் பயன் பெற்றவர் பூசைக்கு வந்தவர் மட்டுமல்லர். புதிதாய் வந்தவர்கள் வேலையும் வீடும் கிடைக்கும்வரை அக்கோயிலில் தங்கிக்கொண்டனர். திருமணப் பதிவும் அங்கே நடந்தது. ஆகவே அக்காலத்துக் கோயிலை வழிபாட்டிடம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது பாதி வரலாறேயாகும். அது சத்திரமாகவும் இருந்தது. வேலை விசாரிக்கும் இடமாகவும் இருந்தது. ஊர்ச் சேதி கேட்கும் திண்ணையாகவும் இருந்தது.

கோயிலுக்கு ஒத்துவராத அந்தத் தெலுக் ஆயர்த் தெருவும் வந்திறங்குவோரின் தெருவே. அது அன்று கடற்கரையை ஒட்டியிருந்தது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, பயணிகள் படகில் கரை சேர்ந்தனர். தொடக்க காலத்தில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு செலுத்தியோருள் மிகுதியானோர் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களாவர். ஆகவே புதியவனின் காதில் அக்கரையில் விழுந்த முதற்சொல் தமிழாகவே இருந்திருத்தல் கூடும். நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு கடல் கடந்த அம்மக்கள், 1828-க்கும் 1830-க்கும் இடையே அத்தெருவில் நாகூர் தர்காவை எழுப்பினர். அதற்குச் சற்று முன்னரே, 1827-இல், அதே தெருவில் ஒரு குடிசைப் பள்ளிவாசலும் தோன்றியிருந்தது. சில ஆண்டுகள் கழித்துச் சீனரும் தம் கடல் தெய்வத்துக்கு அங்கேயே பெருங்கோயில் கட்டினர். அதன் வேலை 1842-இல் முடிந்தது. புக்கியன் மாநிலத்துக் கூலியாளும் நாகூர்ப் படகோட்டியும் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு ஒரே தெருவில் அடுத்தடுத்து நன்றி செலுத்தினர். பின்னர்க் கடலை மண்ணிட்டுத் தூர்த்தனர். இன்று அத்தெருவில் நின்றால் கடல் தெரியாது.

வந்தவர் எல்லோர்க்கும் இத்தகைய முதல் நாள் வாய்க்கவில்லை. 1825 முதல் இந்தியக் கைதிகளைக் கப்பலேற்றி அங்கே கொணர்ந்தனர். சாலைகளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டியது அவர்கள் கைகளே. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கதை வேறு. ஊரிலிருந்து வரும் இளைஞன் தனியே வந்தாலும் தனியன் அல்லன். கிட்டங்கித் தெரு எனத் தமிழர் வழங்கிய மார்க்கெட் தெருவில், முதலாளியின் கடிதத்தைக் காட்டியவுடன் அவனுக்கொரு பெட்டகமும் படுக்கப் பாயும் உண்டு. மூன்றாண்டுத் தவணை முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம். கங்காணியோடு வந்த தோட்டத் தொழிலாளிக்கோ நகரம் என்பதே கண்ணில் படவில்லை. துறையில் எண்ணி இறக்கப்பட்டான்; முகாமில் எண்ணி அடைக்கப்பட்டான்; அங்கிருந்து இரப்பர்த் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுபோகப்பட்டான். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை, 1938-இல் இந்திய அரசு தடை செய்யும் வரை நீடித்தது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த நம் தங்கவயல் தொழிலாளரின் வழிவந்தோர்க்கு, மனிதரை எண்ணிக் கணக்கில் ஏற்றுவது எத்தகையது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இவர்களுக்கு நடுவே, யாருடைய கணக்கிலும் சேராமல், சொந்தக் காசில் சீட்டெடுத்தோ, காசே இல்லாமலோ வந்தவர்கள் சிலர். 1905-ஆம் ஆண்டு பதினெட்டு வயதில் வெறுங்கையோடு வந்தவர் கோவிந்தசாமிப் பிள்ளை. சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் சோற்றுக்கும் இருப்பிடத்துக்குமாக உழைத்தார். பிறகு செட்டியார் ஒருவரிடம் கடன் பெற்று அக்கடையைத் தாமே வாங்கினார். அச்சாலைப் பெருமாள் கோயிலின் திருமண மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1924-இல் இருபது வயது கடந்த இளைஞராய் வந்த கோ. சாரங்கபாணி, 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். வென்றவர்களின் பெயர்கள் இவை. வெல்லாதவர்களின் பெயர்களை எழுதிவைக்க யாரும் இல்லை. ஆயினும் அவர்களும் அதே துறையில்தான் இறங்கினர்.

அவர்கள் எல்லோர்க்கும் பொதுவாக இருந்த ஒன்றை, சிங்கப்பூரின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். மேல்தட்டுப் பயணிக்கு முதல் நாள் நகரத்தில் இல்லை, தீவில். 1873-ஆம் ஆண்டு வாந்திபேதி பரவிய பின், அடுத்த ஆண்டு செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக் காவல் நிலையம் அமைத்தனர். பினாங்கில் இறங்குவோர்க்கு ஜெரஜாக் தீவு அவ்வாறே பயன்பட்டது. அறை எடுத்து வந்த கனவான்கள் நேரே துறைக்குப் போவர். தட்டில் பாய் விரித்து வந்தவர்களைத் தீவில் இறக்குவர். நோய் வருபவனின் கையிலுள்ள சீட்டின் வகுப்பைப் பார்த்தா வரும் என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. நோய்த்தடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அது பல உயிரைக் காத்தது. வகுப்பு வேறுபாடுதான் மனத்தை உறுத்துகின்றது.

என் சின்னப் பாட்டனார் 1936-இல் போனவர். சொந்தச் சம்பாத்தியத்தில் சீட்டெடுத்துக்கொண்டு, யாருக்கும் கடமைப்படாமல் போகின்றோம் என்ற இறுமாப்போடு கப்பலேறினாராம். ஒரு வாரத்துக்கு மேல் கடலில் கிடந்தபின், சிங்கப்பூர் வந்தது என்று எல்லோரும் எழுந்து நிற்க, கப்பலிலிருந்து படகு படகாகத் தீவுக்கு இறக்கினர். மருந்து கலந்த நீரில் குளிக்கச் செய்தனர். துணிமணிகளை நீராவியில் இட்டுக் கொடுத்தனர். ஊரில் புதிதாய்த் தைத்துக்கொண்டு போன சட்டை சுருங்கி, முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது. நான்கு நாள் அங்கே இருந்தார். பகலில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரவில் கடலுக்கு அப்பால் நகரத்து விளக்குகள் வரிசையாய்த் தெரியும். அவ்விளக்குகளைப் பார்த்தபடி படுத்திருந்ததைத்தான் அவர் எப்போதும் முதலில் சொல்வாராம்.

ஐந்தாம் நாள் தஞ்சோங் பகார்த் துறையில் விட்டனர். மடியில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பெயரும் சிராங்கூன் சாலை என்ற சொல்லும். வேறு எதுவும் தெரியாது. சீனர் இருவர் ஆளுக்கொரு வண்டியில் மனிதரை வைத்து இழுத்து ஓடுவதைக் கண்டு அவர் அஞ்சி ஒதுங்கி நின்றார். மனிதனை மனிதன் இழுக்கும் வண்டியை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஒரு மலாய்ச் சிறுவனிடம் சைகை காட்டினார். அவன் ‘ஆயர்’ என்றான். தண்ணீருக்கு அவர்கள் மொழியில் அதுவே சொல். இவரோ தம்மை இடையர் என்று நினைத்துவிட்டானோ எனக் கருதி, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். சிறுவனும், வேண்டாம் போலும் என்று போய்விட்டான். இந்த இடத்தை என் தந்தையார் சொல்லும்போதெல்லாம் வீடே சிரிக்கும். தாகத்தோடு நின்றவர் அன்று சிரித்திருக்கமாட்டார்.

கேட்டுக் கேட்டு நடந்து சிராங்கூன் சாலை சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாடுகளும் மளிகைக் கடைகளும் தமிழ்ப் பேச்சும் கண்டு மனம் தெளிந்தது. ஆனால் சீட்டில் எழுதியிருந்தவர் மூன்று மாதத்துக்கு முன்பே சோகூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கடைக்காரர் சொன்னார். ‘அப்படியா’ என்று மட்டும் கேட்டுவிட்டு இவர் வெளியே வந்தாராம். பட்டினி என்றோ, படுக்க இடமில்லை என்றோ வாய் திறந்து சொல்ல நாணம். கையில் இருந்த சில வெள்ளிகளை உடைக்கவும் மனமில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த அச்சாலையில் மாலைவரை யாரிடமும் பேசாமல் மேலும் கீழும் நடந்திருக்கின்றார். யாருக்கும் கடமைப்படாமல் வந்தவருடைய சுதந்திரத்தின் மறுபக்கம் இதுதான். கங்காணி ஆளாய் வந்திருந்தால் அந்நேரம் ஒரு தட்டுச் சோறாவது கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

இருட்டும் வேளையில், காலையில் வழியிற் கண்ட கோபுரத்தை நினைத்துக்கொண்டு, வந்த பாதையிலேயே திரும்பி நடந்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் அது. அக்கோபுரம் 1925-இல் புதிதாய் எடுத்துக் கட்டியது. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு ஒரு தூணோரம் அமர்ந்தார். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் துண்டு விரித்திருந்தனர். அவர்களுள் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர், சுருங்கிய சட்டையைப் பார்த்துச் சிரித்து, “தீவிலிருந்து இன்றைக்குத்தான் விட்டார்களா தம்பி?” என்று கேட்டாராம். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். வெளியே அழைத்துப் போய் ரொட்டியும் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் விடியுமுன் எழுப்பித் துறைமுகக் கங்காணியிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அவ்வேலையில் என் சின்னப் பாட்டனார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஜப்பானியர் காலத்தையும் அங்கேயே கழித்தார்.

போர் முடிந்தபின் எங்கள் குடும்பத்தில் இன்னும் ஒருவரை அழைத்துக்கொள்ள எண்ணியிருக்கின்றார். 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழில் தேர்ச்சியும் முன்கூட்டியே உறுதியான வேலையும் இல்லாதவர் கரையேறுதல் அரிதாயிற்று. துண்டுச் சீட்டோடு போய் இறங்கும் காலம் அத்துடன் முடிந்தது. இன்று நம் பிள்ளைகள் அங்கே போனால் அனுமதிச் சீட்டும் விடுதிப் படுக்கையின் எண்ணும் விமானம் ஏறுமுன்னரே வந்துவிடுகின்றன. அது நல்லதே. 2001-இல் நம் சுரங்கங்களை மூடியபின், விடியற்காலை வண்டியில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் இளைஞர்களை நான் நாள்தோறும் பார்க்கின்றேன். அவர்களுள் முதல் நாள் போகின்றவன் யார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

1968-இல் சின்னப் பாட்டனார் ‘இரஜூலா’ கப்பலில் ஒரு முறை ஊர் வந்தார். ஐயாயிரம் பேருக்கு மேல் தட்டில் ஏற்றிச் செல்லத்தக்கதாய் 1926-இல் கட்டிய கப்பல் அது. 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. சென்னையில் இறங்கி இரயில் பிடித்து, பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, மாரிக்குப்பம் வந்து சேர்ந்தார். அண்ணனும் தம்பியும் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடைமேடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதை என் தந்தையார் கண்டிருக்கின்றார். அன்றிரவு மீண்டும் அந்த முதல் நாள் கதை வந்தது. இருபத்து மூன்று வயது இளைஞராயிருந்த என் தந்தையார், ரொட்டி வாங்கிக் கொடுத்தவரின் பெயர் என்ன சித்தப்பா என்று கேட்டார். பெரியவர் நெடுநேரம் யோசித்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் என்பது நினைவிருந்தது. வலக்கையில் ஒரு விரல் இல்லை என்பதும் நினைவிருந்தது. பெயர் நினைவுக்கு வரவில்லை. அவரை அதன் பிறகு இரண்டு மூன்று முறைதான் பார்த்ததாகவும், பெயரைக் கேட்டுக்கொண்டோமா என்பதே ஐயமாக இருப்பதாகவும் சொன்னார்.